தூரிகை எழுத்துருக்கள்: மரபும் அளவுகோலும்

மை வற்றிய தூரிகையால் இழுத்ததுபோல் சொரசொரப்பான எழுத்து, படத் தலைப்புகளிலும் கடை விளம்பரங்களிலும் இன்று சரளமாகப் புழங்குகிறது. கணினிக்கு இது புதிது, தூரிகைக்குப் பழையது.

மூத்த மரபு சீனத்துடையது. வேகமாக இழுத்த கோட்டின் நடுவே தாளின் வெண்மை கீற்றுக் கீற்றாகத் தெரிவதை அங்கே ஃபெய்பாய் என்பார்கள். கிழக்கு ஹான் காலத்து அறிஞர் சாய் யோங், சுண்ணாம்பு அடிப்பவர்களின் தூரிகைத் தடத்தைப் பார்த்து இதை உருவாக்கினார் என்பது செவிவழிச் செய்தி. இந்த மரபில் வெண்கீற்று தானாக விழ வேண்டும். கையின் வேகத்துக்கு அதுவே சாட்சி.

ஜப்பானியர் வழி வேறு. கபுகி அரங்க விளம்பரங்களுக்கு ஒகஸாகியா கன்ரோகு 1779-இல் வகுத்த கான்தேய் பாணியில் கோடுகள் தடித்து, இடைவெளியை அடைத்து நிற்கும். அரங்கமும் அப்படி நிரம்ப வேண்டும் என்ற நம்பிக்கை. ஹிகேமோஜி என்னும் மீசை எழுத்திலோ, வறண்ட கீற்றுகளை 7, 5, 3 என்று எண்ணியே வரைவார்கள்.

மேற்கில் தூரிகை ஈய அச்சுக்குள் புகுந்தது. அமெரிக்காவில் ராபர்ட் இ. ஸ்மித் 1942-இல் தந்த 'பிரஷ் ஸ்கிரிப்ட்' விளிம்பு வழவழப்பானது. பிரான்சில் ரோஜர் எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தையே மூலமாக வைத்து 1953-இல் 'மிஸ்ட்ரால்' செய்தார். அதில் விளிம்பு கரடுமுரடு. தனித்தனி அச்சுகள் கோத்தால் ஒரே இழுப்பாக இணையும்.

இன்று ஓப்பன்டைப் எழுத்துருவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்து, அடுத்தடுத்து வரும்போது மாற்றிக்கொள்ள முடிகிறது. தமிழுக்கு இந்த வசதி மிக அவசியம். 'அம்மா' என்று தட்டுங்கள். இரண்டு மகரத்திலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் கைவேலை என்ற தோற்றம் அங்கேயே கலைந்துவிடும்.

தமிழுக்கு வேறு சிக்கல்களும் உண்டு. எழுத்தின் தலைமேல் அழகுக்காகத் தெளித்த மைத்துளியைக் கண் புள்ளியாகப் படித்துவிடும். இரட்டைக்கொம்பின் சுழி மையில் அடைபட்டால் 'கோடை' தள்ளுபடி 'கொடை' தள்ளுபடியாகும். ண, ன சுழிகள் ஒன்றோடொன்று குழம்பும். செய்தித்தாளில் சிறிய அளவில் போட்டால் கீற்றெல்லாம் மை ஊறி அழுக்காகவே தெரியும். ஆகவே, இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும், பெரிய அளவில்; கீழே வரும் முகவரிக்கும் தேதிக்கும் சாதாரண எழுத்துரு.

வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுத்துருவை வாங்குமுன் 'அம்மா', 'கோடை', 'கண்ணன்' மூன்றையும் அடித்துப் பாருங்கள். மூன்றும் தடங்கலின்றிப் படிக்க வந்தால் மட்டும் வாங்குங்கள்.