கண்டெடுத்தான் காட்டுக்கு வந்த வாத்தியார்

ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்குள் நுழைகிறார்; உறங்கிக் கிடந்த பிள்ளைகள் விழித்துக்கொள்கின்றனர். பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட திரைப்படங்கள் பல இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். 1989-இல் வெளிவந்த 'டெட் போயட்ஸ் சொசைட்டி' என்னும் அமெரிக்கப் படம் இன்றும் இவ்வகையில் முதலில் நினைக்கப்படுகிறது. உள்ளம் விரும்பும் வழியில் செல்லுமாறு அதில் கீட்டிங் என்னும் ஆசிரியர் மாணவரைத் தூண்டுகிறார். நாடகத்தை நேசிக்கும் நீலை மருத்துவனாக்கவே தந்தை விரும்புகிறார். அம்மோதலின் முடிவு நம் கண்களை நனைத்தது; மறுக்கவில்லை. ஆயினும் அவர்கள் பெரும்பாலும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள். விருப்பம் என ஒன்று தமக்கு உண்டு என்பதையே அறியாத பிள்ளைகளிடம் கீட்டிங் என்ன சொல்லியிருப்பார்?

இக்கேள்வியோடுதான் சற்குணம் இயக்கி 2011-இல் வெளிவந்த 'வாகை சூட வா' படத்தை நாம் மீண்டும் பார்த்தோம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படைப்பு இது. கதை நிகழும் ஆண்டு 1966. புதுக்கோட்டைச் சீமையின் கண்டெடுத்தான் காட்டில் ஊரே செங்கல் அறுத்துப் பிழைக்கிறது. பிள்ளைகளின் கைகளிலும் களிமண்தான்.

விமல் ஏற்றுள்ள வேலுத்தம்பி தொண்டுள்ளத்தோடு அங்கே வரவில்லை. மகனை அரசு உத்தியோகத்தில் காண வேண்டும் என்பது தந்தையின் ஆசை. கிராமத்தில் சில மாதம் பாடம் நடத்தினால் கிடைக்கும் சான்றிதழ் அதற்கு உதவும், அவ்வளவே. பிள்ளைகள் அவனுக்குப் பிடிகொடுக்காமல் ஓடுகின்றனர். பெற்றோருக்கோ அவன் வேண்டாத விருந்தாளி. எண்ணத் தெரியாத மக்கள் சூளை முதலாளியிடம் ஏமாறுவதைக் காணக் காண அவன் மாறுகிறான். 'அழைத்தல்' என்னும் சொல் நம் வாசகர்க்குப் பழகியது. அதை உள்ளிருந்து எழும் குரலாகவே பெரும்பாலும் எண்ணுகிறோம். இங்கே அது மண் அப்பிய சின்னஞ்சிறு முகங்களிலிருந்து வருகிறது. கீட்டிங் தம் மாணவர்க்குக் கொடுத்ததை வேலுத்தம்பி தன் மாணவரிடமிருந்து பெறுகிறான்.

இது வெறும் சினிமா என்பார்க்கு, 2018 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்ததை நினைவூட்டலாம். ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு இடமாற்ற ஆணை வந்தபோது, பிள்ளைகள் அவரைக் கட்டிக்கொண்டு கதறினர். மாற்றம் சில நாள் தள்ளிவைக்கப்பட்டது.

படத்தில் குறைகளும் உண்டு. காதல் பகுதி நீளம்; அதற்கு ஜிப்ரான் தம் முதற்படத்திலேயே தந்த இனிய இசையும் ஒரு காரணம் போலும். ஓம் பிரகாஷின் ஒளிப்பதிவில் சூளை அழகாக இருக்கிறது, சற்று அதிகமாகவே. புகை நம் கண்ணைக் கரிக்கவில்லை. கிடைத்த அரசு வேலையை உதறிவிட்டு வேலுத்தம்பி ஊரோடு தங்கிவிடுவதில் கதை நிறைவு காண்பதே நம்மை உறுத்துகிறது. ஒருவனுடைய தியாகத்தில் சூளையின் கணக்குத் தீர்ந்துவிடுமா?

செவ்வாப்பேட்டையில் அமர்ந்து எழுதும் நமக்கு இது எட்டாத் தொலைவுக் கதையன்று. இம்மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வருகின்றனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும், சொந்த ஊரில் பாதியில் அறுந்த படிப்போடு பிள்ளைகள் இங்கு வந்து இறங்கினர். இங்குள்ள பள்ளியின் மொழி அவர்களுக்கு விளங்கவில்லை. சூளைகளின் அருகிலேயே ஒடியா மொழியில் வகுப்புகள் நடத்தப்பட்டன. ஒடிசாவிலிருந்து பாடநூல்களும் ஆசிரியர்களும் வந்தனர். அவ்வாசிரியர்களைப் பற்றி யாரும் படம் எடுத்ததாக நாம் அறியோம். வேலுத்தம்பிக்குத் தங்கிவிட ஓர் ஊர் இருந்தது. சூளைப் பள்ளி ஆசிரியர் தங்கிவிட நினைத்தாலும், மழைக்கு முன் சூளை அணைந்ததும் அவருடைய மாணவர்கள் ரயிலேறிவிடுவார்கள்.