கடவுள் குடித்த காப்பியும் சின்னம்மா கடை இட்லியும்

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) கதையை இலக்கியவாதிகள் மாய்ந்து மாய்ந்து புகழ்ந்தாகிவிட்டது. பகடி, தத்துவம், நவீனம், எல்லாம் சொல்லியாச்சு. நான் அதில் வருகிற ஓட்டலைப் பற்றி மட்டும் பேசப்போறேன்.

சென்னை பிராட்வே முனையில் பிள்ளையைச் சந்திக்கிறார் கடவுள். ரெண்டு பேரும் ஓட்டலுக்குள்ள போயி காப்பி குடிக்கிறாங்க. காப்பியில் சிக்கரி கலந்திருக்கிறது என்று கடவுளுக்கே பாடம் எடுக்கிறார் பிள்ளை. சிரிப்பு வருது, எனக்கும்தான் வந்துச்சு. ஆனால் முன்பின் தெரியாத ஓர் ஆள் உள்ளே நுழையும்போது 'நீ யாரு, எந்தத் தெரு' என்று கதையில் ஒருத்தரும் கேட்கவில்லையே, அது எப்படி? பிள்ளைவாள் கூட வந்தவர் என்பதாலா? கடவுள் சேரிப்பக்கமிருந்து வரமாட்டார் என்று எழுதினவருக்கும் வாசிக்கிறவருக்கும் பேசாமலே ஓர் ஒப்பந்தம். அது இல்லையென்றால் அந்தக் காப்பி மேசைக்கே வந்திருக்காது.

பிள்ளையின் வீடு இருப்பது திருவல்லிக்கேணியில். அதே திருவல்லிக்கேணியில் 1957-இல் முரளி கபே வாசலில் 'பிராமணாள்' போர்டை எடுக்கச்சொல்லி திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள், நூற்றுக்கணக்கில் கைதானார்கள். உணவு விடுதிக்குள் யாரையும் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்துவிட்டது. அதற்கப்புறமும் ஒரு போர்டை இறக்க இத்தனை பாடு. இறங்க வேண்டிய போர்டுதான், அதில் மறுபேச்சு கிடையாது. ஆனா ஐயர் மெஸ், நாயுடு மெஸ், செட்டிநாடு, கொங்கு எல்லாம் ருசிக்கு அத்தாட்சியா இன்னைக்கும் தொங்குதே? பறையர் மெஸ், அருந்ததியர் மெஸ்னு ஒரு போர்டு எழுதி மாட்டித்தான் பாருங்களேன்.

நம்மாளு அவங்க கடைக்குள்ள போறதுக்குச் சட்டம் இருக்கு. அவங்க நம்ம கடையில வந்து சாப்பிடணும்னு எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. இலக்கியமாவது அதைக் கேட்டிருக்கணும்.

என் சின்னம்மா வியாசர்பாடியில் இட்லிக்கடை போட்டிருந்தது. ஒரு அடுப்பு, ரெண்டு பெஞ்சு, ஞாயித்துக்கிழமை வடகறி. வியாபாரம் நல்லா போகுதேன்னு நாலு தெரு தள்ளி, கொஞ்சம் வசதியானவங்க இருக்கிற பக்கம் கடையை மாத்துச்சு. ரெண்டு வாரம் நல்ல கூட்டம். பார்சல் வாங்க வந்த ஒரு அம்மா, 'எங்கருந்துமா வர்ற?' என்று சாதாரணமாகத்தான் கேட்டது. சின்னம்மா தெருப் பேரைச் சொல்லுச்சு, சாதியைச் சொல்லல. அடுத்த வாரமே பாதிப் பேர் வரல. ஆறாம் மாசம் பழைய இடத்துக்கே அடுப்பு திரும்பிடுச்சு. 'சட்னி அதே சட்னிதான்டா, தெருப் பேருதான் அவங்களுக்கு ஒத்துக்கல' என்றது. இந்த நகரத்தைப் பற்றி இவ்வளவு கச்சிதமான விமர்சனத்தை நான் எந்த நாவலிலும் படிச்சதில்ல.

கோலாப்பூரில் கங்காராம் காம்ப்ளே என்ற அரண்மனை ஊழியரை, தண்ணீர்த் தொட்டியைத் தொட்டதற்காகச் சாதி இந்துக்கள் அடித்தார்கள். அவர் டீக்கடை வைக்க உதவினார் மன்னர் சாகு. உதவியோடு நிற்காமல் தானே அந்தக் கடைக்குப் போய் எல்லார் கண்ணுக்கும் முன்னால் டீ குடித்தார். சாகு இறந்தது 1922-இல். ஆக, இது பிள்ளையும் கடவுளும் காப்பி குடிப்பதற்கு இருபது வருஷத்துக்கும் முந்திய சங்கதி. ராசாவுக்குத் தோணினது நம்ம கடவுளுக்குத் தோணல.

இப்போ 'மெட்ராஸ் ருசி' என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களும் மயிலாப்பூர், மாம்பலம் என்றே சுத்துறாங்க. ரொம்பத் துணிச்சலானவர் பர்மா பஜார் அத்தோ வரைக்கும் வருவார். சாயங்காலமானா புளியந்தோப்பில் மாட்டுக்கறி வறுபடுற வாசனை தெருவையே இழுக்குது. அது மட்டும் அவங்க மூக்குக்கு எட்டல.

கந்தசாமிப் பிள்ளை கதையை நம்மாளு ஒருத்தர் திருப்பி எழுதணும். கடவுளைச் சின்னம்மா கடைப் பெஞ்சில் உட்கார வையுங்க. ரெண்டு இட்லி, வடகறி. கூட வந்த பிள்ளை, வயிறு சரியில்லை என்பாரா, வீட்டில் சாப்பிட்டாச்சு என்பாரா? அங்கிருந்து ஆரம்பிக்கட்டும் கதை.