சிரிப்பு யாரைப் பார்த்து?

தச்சநல்லூரில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் பத்திரிகை வாங்குவதை நிறுத்திச் சில வருஷங்கள் ஆகின்றன. அதனால் கூட்டம் குறைந்துவிடவில்லை. முன்பு ஒரு பத்திரிகையை நாலு பேர் தாள் தாளாகப் பிரித்துப் படித்தார்கள். இப்போது ஒரு கைபேசியை நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் யூட்யூபில் வருகிற ஒரு துணுக்கு நாடகமாக இருக்கும். இரண்டு இளைஞர்கள், ஒரு வாடகை வீடு, ஒரு துண்டு, நாடகம் தயார். துண்டைத் தலையில் கட்டினால் பெரியப்பா. தோளில் போட்டால் கவுன்சிலர். இடுப்பில் சுற்றினால் சமையல்காரர்.

"நாவல் எழுதுகிற நீர் இதையெல்லாமா விமர்சனம் செய்வது?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. செய்யத்தான் வேண்டும். எங்கள் தெருவில் என் நாவலைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த நாடகங்களைப் பார்க்காதவர்களைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும்.

இது புதிய சரக்கு என்று நினைப்பதும் தவறு. நாகர்கோவிலில் வில்லுப்பாட்டு பாடித் தொழிலைத் தொடங்கிய என். எஸ். கிருஷ்ணன், சினிமாவுக்குப் போனபின் தமக்கென்று தனி ஹாஸ்யப் பகுதி அமைத்துக்கொண்டு படத்துக்குள் ஒரு சின்னப் படம் ஓட்டினார். படம் மறந்த பிறகும் அந்தத் துண்டு நிற்கும். 1949-ல் வந்த 'நல்லதம்பி'யில் அவர் நடத்திய கிந்தனார் காலட்சேபம் அப்படி நிற்கிற ஒன்று. நந்தனார் சிதம்பரம் போக ஏங்கினார்; கிந்தனோ படிப்பதற்காகப் பட்டணம் போக ஏங்குகிறான். பழைய அச்சில் புதிய உலோகத்தை ஊற்றினார் கலைவாணர். துணுக்கு நாடகத்தின் இலக்கணம் முழுவதும் அதிலேயே இருக்கிறது.

பிறகு தொலைக்காட்சி வந்தது. 2003-ல் விஜய் டி.வி.யில் தொடங்கிய 'லொள்ளு சபா' பிரபலமான சினிமாக்களை எடுத்து வைத்துக்கொண்டு கேலி செய்தது. சந்தானத்தை ஜனங்கள் அடையாளம் கண்டுகொண்டது அங்கேதான். அது நல்ல கேலி. ஆனால் சினிமாவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பில் சிரிக்கிறவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அடி முழுவதும் கதாநாயகன் முதுகில்.

2005-ல் யூட்யூப் பிறந்தது. அந்த வருஷ டிசம்பரிலேயே அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு ஹாஸ்யத் துணுக்கு அதில் காட்டுத் தீயாகப் பரவியது. நம்மிடம் அந்த வித்தை வந்து சேரச் சில வருஷங்கள் பிடித்தன. 2014-ல் 'புட் சட்னி'க்காரர்கள், பேட்மேன் சென்னைவாசியாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுச் சிரிக்க வைத்தார்கள். ஆங்கிலம் பாதி, தமிழ் பாதியாகப் பேசுகிற பட்டணத்துச் சிரிப்பு அது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை ஏறக்குறைய இலவசமாகக் கொட்டிய பிறகுதான் தச்சநல்லூர்த் தேநீர்க் கடையும் ரசிகர் மன்றத்தில் சேர்ந்தது. ரசிகர்கள் மாறினால் ஹாஸ்யமும் மாறத்தானே வேண்டும்? கோவையிலிருந்து 'எருமை சாணி' கல்லூரிப் பிள்ளைகளின் காதல் சண்டையைக் கொண்டுவந்தது. 'மெட்ராஸ் சென்ட்ர'லில் கோபியும் சுதாகரும் அரசியல்வாதிகளைத் துண்டும் வேஷ்டியுமாக இறக்கிவிட்டார்கள். பின்னால் 'பரிதாபங்கள்' என்று தனிக்கடையே போட்டுக்கொண்டார்கள். 'நக்கலைட்ஸ்' குழுவினர் 'அம்மா அலப்பறைகள்' மூலம் கொங்குத் தமிழ் பேசும் ஒரு தாயாரை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்த்தி வைத்தார்கள்.

இந்த வரிசையை நின்று பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் புலனாகிறது. முதலில் சினிமாவைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு மந்திரிகளைப் பார்த்து. பிறகு அம்மாவைப் பார்த்து. சிரிப்பு படிப்படியாகத் தெருவைக் கடந்து, திண்ணை ஏறி, வீட்டுக்குள் வந்துவிட்டது. கலை வளர்ந்ததா என்று கேட்டால் காமிராவையும் வெளிச்சத்தையும் நான் பார்ப்பதில்லை. இந்த நெருக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

எங்கள் சீமைக்கு ஹாஸ்யத்தில் ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு. "ஏலே" என்று ஒருவன் கத்தினால் அவன் திருநெல்வேலிக்காரன். கையில் அரிவாள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தேநீர்க் கடைக்காரர் ஒரு நாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "நம்ம பேச்ச ஒருத்தனும் ஒழுங்காப் பேச மாட்டுக்கான், அண்ணாச்சி. அருவாளத் தூக்கிட்டா திருநவேலி ஆயிருமா?" நான் சிரித்தேன். ஆனால் என் ஆரம்பக் கதைகள் இரண்டில் நானும் அந்த அரிவாளை வேடிக்கைப் பொருளாக வைத்து வாசகர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்பது வீடு திரும்பும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

2025 ஜூலை 27-ஆம் தேதி, ஆற்றுக்கு அக்கரையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில், பட்டியல் சாதியைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேற்றுச் சாதிப் பெண்ணோடு பழகியதே காரணம் என்பது வழக்கு. அதற்குப் பிறகு அரிவாளைப் பார்த்துச் சிரிக்க எங்களால் முடியவில்லை.

அடுத்த மாதம் கோபியும் சுதாகரும் 'சொசைட்டி பாவங்கள்' என்று ஒரு நாடகம் வெளியிட்டார்கள். சாதிப் பெருமை பேசுகிற இளைஞர்களும், அவர்களுக்குத் தூபம் போடுகிறவர்களும் அதில் கேலிக்கு ஆளானார்கள். தேநீர்க் கடையில் அதையும் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் வழக்கமான சிரிப்பு. பாதியில் அது நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு பையன் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டியிருந்தான். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அந்தக் கயிறுகளின் நிறம் என்ன சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். நீதியரசர் சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் அவற்றைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. பையன் மெதுவாகச் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான். "நம்மளத்தான் சொல்லுதான்" என்றார் கடைக்காரர், யாரையும் பார்க்காமல்.

அந்த நாடகத்துக்காக அவர்கள் மீது போலீசில் புகார்கள் போயின. புகார் வந்ததாலேயே ஒன்று நல்ல கலையாகிவிடாது; மோசமான படைப்பின் மீதும் புகார் வரும். குறைகளும் சொல்லத்தான் வேண்டும். பொதுவாகவே இந்தத் துணுக்கு நாடகங்களுக்கு முடிக்கத் தெரியவில்லை. சிரித்து முடித்ததும் ஒருவர் எழுந்து நீதி சொல்லிவிடுகிறார். நடுவே வியாபார விளம்பரம் ஒன்று கதாபாத்திரத்தின் வாயிலேயே வந்து விழுகிறது; தகப்பனாராக நடிப்பவர் அழுதுகொண்டே எண்ணெய் விற்கிறார். வாரம் ஒன்று போட வேண்டிய அவசரத்தில் பாத்திரங்கள் அச்சு வெல்லமாக ஒரே மாதிரி வருகின்றன. கலைவாணர் நீதி சொல்லவில்லையா என்றால், சொன்னார். ஆனால் அதைப் பாட்டுக்குள் கரைத்துக் கொடுத்தார். உப்பு தனியாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு சிரிப்பு பாதியில் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அத்தனை வருஷமாக அடுத்தவன் முதுகில் விழுந்த அடி அன்றைக்கு எங்கள் பெஞ்சில் விழுந்தது. என் எழுத்து எதுவும் அந்தக் கடையில் அப்படி ஒரு மௌனத்தை உண்டாக்கியதில்லை. பொறாமையோடுதான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் நான் போனபோது அதே பையன் தனியாக உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே நாடகம்தான். கயிறு கையில் இருந்தது; கழற்றிவிடவில்லை. கதையாக இருந்தால் கழற்ற வைத்திருப்பேன். ஆனால் இரண்டாம் முறை பார்க்கிறானே! எந்த எழுத்தாளனும் அதற்கு மேல் ஒரு வாசகனிடம் கேட்க முடியாது.