தேவலோகத்திலும் குலம் பார்ப்பதோ?

சீன நாட்டுத் தேவலோகக் காதற் கதைகளைத் தொலைக்காட்சியில் கண்டு களிப்போர் இன்று சீனர் மட்டும் அல்லர். சீன மொழியில் ஒரு சொல்லும் அறியாத நம் மக்களும், திரையின் அடியில் ஓடும் மலாய் எழுத்தையோ ஆங்கில எழுத்தையோ படித்துக்கொண்டே நள்ளிரவு வரையில் விழித்திருந்து காண்கின்றனர். மறுநாட் காலையில் சிவந்த கண்களுடன் வேலைக்குச் செல்வோரை விசாரித்தால், அவை உறக்கம் கெட்டுச் சிவந்தனவோ, அழுது சிவந்தனவோ, அவர்களாலேயே சொல்ல இயலாது. இவ்வகைத் தொடர்களுள் பெரும்புகழ் பெற்ற ஒன்றைக் குறித்து நமது அபிப்பிராயத்தை ஈண்டு எழுத விரும்புகின்றோம்.

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 58 பகுதிகளாக வெளிவந்த அத்தொடருக்கு ‘மூன்று பிறவி, மூன்று உலகம், பத்து லீ தூரப் பீச்சு மலர்கள்’ என்பது பெயர். லீ என்பது சீனரின் வழிக்கணக்கு. ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். பெயரின் நீளத்தைக் கண்டு அஞ்சினார்களோ என்னவோ, ஆங்கிலத்தில் ‘நித்தியக் காதல்’ என்று சுருக்கிவிட்டனர். தாங் சீ என்னும் புனைபெயர் கொண்ட பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. கதாநாயகியாக யாங் மீயும், கதாநாயகனாக சாவ் யூதிங்கும் நடித்துள்ளனர்.

பகுத்தறிவு பேசும் பத்திரிகையில் நரி பெண்ணாகும் கதைக்கு இடம் எதற்கு என்று தோழர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். கற்பனை வேறு, மூடநம்பிக்கை வேறு. நரி ஒன்பது வாலுடன் வானத்திற் பறப்பதாற் கெட்டுப்போவோர் எவருமிலர். அந்நரிக்குக் கோயில் எழுப்பி உண்டியல் வைத்தால் அன்றோ நாம் எழுந்து நின்று பேச வேண்டும்? இந்த நரியோ நேற்றுப் பிறந்ததன்று. சிங்சியூ என்னுமிடத்தில் ஒன்பது வால் நரி வாழ்கிறதென்று ‘மலை கடல் நூல்’ என்னும் மிகப் பழைய சீன நூல் கூறுகின்றது. அந்தச் சிங்சியூவின் அரச குலத்தில் தோன்றியவளே இக்கதையின் நாயகி பாய் சியென்.

இத்தொடரின் கவர்ச்சி யாதென்பதை முதலிற் சொல்லிவிடுவோம். குற்றம் மட்டுமே கூறுவோன் விமர்சகன் அல்லன்.

பாய் சியென் பிறரால் காப்பாற்றப்படுவதற்கென்றே படைக்கப்பட்ட பதுமை அல்லள். பெண்களைச் சீடராகக் கொள்ளாத குன்லுன் மலைக்கு ஆண் வேடம் பூண்டு சென்று, போர்த்தேவன் மோ யுவானின் பதினேழாம் சீடனாகிக் கல்வி கற்கிறாள். பேய்க்குலத்தோடு நடந்த போரில் ஆசிரியர் உயிர் நீத்தபின், அவருடைய உடல் கெடாவண்ணம் தன் நெஞ்சின் குருதியை ஊட்டி 70,000 ஆண்டுகள் காத்து வருகிறாள். அவள் மணக்கவிருக்கும் தேவலோக இளவரசன் யே ஹுவாவுக்கு வயது 50,000, அவளுக்கோ 140,000. மணமகள் மணமகனுக்கு ஒரு வயது மூத்தவளாயினும் ஜாதகக் கட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோகும் நம் வீட்டுப் பெரியவர்கள் இதனைக் கண்டால் என் சொல்வரோ அறியோம். அவ்விளவரசன் அடுக்களை புகுந்து அவளுக்குச் சமைத்துப் போடுகிறான். பெண் அரசாள, ஆண் கறி ஆக்க, அதனை எவரும் எள்ளி நகையாடாத ஓர் உலகத்தைக் கண்டு நம் பெண்மணிகள் மகிழ்வதில் வியப்பென்ன? யாங் மீயின் நடிப்பும் நன்று. குறும்புக்காரச் சீடன், ஒன்றுமறியா மலைப்பெண், சலிப்புற்ற தேவி ஆகிய மூவரையும் உடையால் மட்டுமன்றி நடையாலும் பார்வையாலும் வேறு வேறாகக் காட்டுகின்றார்.

நிற்க. இக்கதையின் உயிர்நிலை சூ சூ என்னும் மலைப்பெண்ணின் கதையே ஆகும். பேய்க்குல அரசனோடு போரிட்டபோது பாய் சியென்னின் ஆற்றலும் நினைவும் முத்திரையிட்டு அடக்கப்படுகின்றன. தான் யாரென்றே அறியாமல் மானிடப் பெண்ணாய் ஒரு மலையில் தனியே வாழ்ந்து வருகிறாள். காயமுற்று வந்த யே ஹுவாவை எடுத்துப் பேணுகிறாள். புரோகிதரும் உற்றார் உறவினரும் இன்றி இருவரும் மணந்துகொள்கின்றனர். சுயமரியாதைத் திருமணம் என்றே கூறலாம். பின்னர் அவள் தேவலோகத்திற்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கேதான் துன்பம் தொடங்குகின்றது.

அவள் மானிடப் பிறவி. தேவர்களின் கண்ணுக்குப் பூச்சி புழுவினும் இழிந்தவள். அரண்மனையில் வளர்ந்த சூ ஜின் என்பவள் இளவரசன்மீது ஆசைகொண்டு சூழ்ச்சி செய்கிறாள். தேவர்களைத் தண்டிக்கும் உயர்ந்த மேடையிலிருந்து தானே குதித்துக் கண்ணிழந்து, சூ சூ தள்ளிவிட்டதாகப் பழி சுமத்துகிறாள். சூ ஜின்னின் குலத்தார் அனைவரும் தேவலோகத்திற்காகப் போரில் மாண்டவர்கள். சூ சூவுக்கோ குலம் ஏது? ஆகவே விசாரணையுமில்லை, சாட்சியுமில்லை. சூ சூவின் கண்களைத் தோண்டிச் சூ ஜின்னுக்குக் கொடுக்குமாறு தேவராஜன் ஆணையிடுகிறான். கருவுற்றிருக்கும் மனைவியின் கண்களைக் கணவனே தோண்டி எடுக்கிறான். குழந்தையைப் பெற்றபின், குருட்டு நிலையில் தடவித் தடவிச் சென்று அதே மேடையிலிருந்து அவளும் குதித்துவிடுகிறாள்.

இப்பகுதியைக் கண்டு கலங்காதவர் நெஞ்சம் கல்நெஞ்சமே. பொய்வழக்கில் அகப்பட்டு, பேச ஆளின்றி, மேலிடத்தார் சொன்னதே தீர்ப்பென நின்ற அனுபவம் உடையோர் நம்மிடையே பலர் உளர். அவர்களுக்கு இது தேவலோகக் கதையாகவே தோன்றாது.

யே ஹுவாவின் நடத்தையை இங்கே நோக்க வேண்டும். அவன் அவளை நேசிக்கிறான். ஆனால் தன் அன்பை வெளிப்படுத்தினால் தேவராஜன் அவளை அழித்துவிடுவான் என்று அஞ்சி, அவளிடமே அன்பற்றவன்போல் நடிக்கிறான். அவளைக் காப்பதற்கென வகுத்த திட்டத்தை அவளிடம் மட்டும் சொல்லவில்லை! இதனைத் தியாகமென்று கொண்டாடி, இசையைப் பெருக்கி, நம்மை அழச் சொல்கின்றது தொடர். நமக்கு இது சம்மதமன்று. மனைவிக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன் என்னும் கணவன்மார் பூலோகத்திலேயே போதுமான அளவு இருக்கின்றனர்.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. மேடையிலிருந்து குதித்த சூ சூ சாகவில்லை. முத்திரை உடைந்து மீண்டும் தேவி பாய் சியென் ஆகிறாள். மறதி மருந்தை விரும்பி வாங்கிக் குடித்து நடந்தவற்றையெல்லாம் மறக்கிறாள். முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் யே ஹுவா அவளைக் காணும்போது, அவள் அவனுக்கென்றே முன்னரே நிச்சயிக்கப்பட்டிருந்த உயர்குல மணமகள்! ஒளி மிகுந்த இடங்களில் அவள் தன் கண்களின்மேல் கட்டும் வெண்பட்டு நாடா ஒன்றே பழைய கொடுமையின் சுவடாக எஞ்சியிருக்கிறது. அந்த நாடாவைக் காணுந்தோறும் நமக்கு நெஞ்சு பதைக்கின்றது. இயக்குநரின் நயமான கைவண்ணம் அது, மறுக்கவில்லை. நினைவு மீண்டபின் அவள் சூ ஜின்னிடமிருந்து தன் கண்களைத் தன் கையாலேயே பறித்துக்கொள்வதும், வாயிலில் காத்துக் கிடக்கும் கணவனைக் காண மறுப்பதும் பாராட்டத்தக்கவை.

ஆயினும் ஒரு கேள்வி. சூ சூ உண்மையிலேயே மானிடப் பெண்ணாய் இருந்திருந்தால்? மேடையிலிருந்து விழுந்து மாண்டிருப்பாள். கண்கள் சூ ஜின்னிடமே இருந்திருக்கும். தேவலோகத்தில் ஒரு நாள் விருந்துகூட நின்றிராது. அவளுக்கு நீதி கிடைத்தது அவள் பெண் என்பதாலன்று, நிரபராதி என்பதாலுமன்று. பெரிய இடத்துப் பெண் என்பதால். தேவராஜன் செய்தது அநீதி என்று தொடர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆள்மாறாட்டம் நேர்ந்துவிட்டது என்று சொல்லிக் கைகழுவுகிறது. இறுதியில் யே ஹுவா போரில் உயிர்கொடுத்து அவள் மன்னிப்பைப் பெறுகிறான். மூன்றாண்டில் உயிர்த்தும் எழுகிறான். கணவன் மனைவி கணக்குத் தீர்ந்தது. தேவராஜன் கணக்கை யார் தீர்த்தார்?

நந்தனார் கதையை அறிந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. தில்லைக்குள் நுழையவிரும்பிய புலையர் நெருப்பில் மூழ்கி, முந்நூல் மார்புடைய முனிவராய் எழுந்த பின்னரே உள்ளே விடப்பட்டார். கதவு திறந்தது நந்தனாருக்கன்று.

சீனரின் பழங்கதைகள் எல்லாம் இப்படிப்பட்டவை அல்ல என்பதே நம் வருத்தத்திற்குக் காரணம். கல்லிற் பிறந்த குரங்கு விண்ணுலகத்தையே கலக்கி அடித்த கதையை நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சிட்டுப் படித்தவர்கள் அவர்கள். மானிடனை மணந்த குற்றத்திற்காக வெள்ளைப் பாம்புப் பெண்ணை ஃபாஹாய் என்னும் துறவி ஹாங்சோ நகரத்து லெய்ஃபெங் கோபுரத்தின் கீழ் அடைத்துவைத்த கதையில், மக்களின் அன்பெல்லாம் பாம்பின் பக்கமே. அவள் இறுதிவரை பாம்புதான். தேவி என்று சான்றிதழ் காட்டவில்லை. 1924-இல் அக்கோபுரம் இடிந்து விழுந்தபோது லூ சுன் அதனை வரவேற்று எழுதினார். தண்டனைக்கு அஞ்சிய ஃபாஹாய் நண்டின் ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டான் என்று மக்கள் சொல்லிச் சிரிப்பதையும் அவர் குறித்துள்ளார். அத்தகைய சிரிப்பு இத்தொடரின் 58 பகுதிகளில் ஓரிடத்திலும் இல்லை.

இதிலும் ஒரு பாம்புப் பெண் உண்டு. பாய் சியென்னின் பணிப்பெண் ஷாவ் சின். தேவலோகத்து இரண்டாம் இளவரசன் சாங் ஜி, தனக்கு முதலில் நிச்சயிக்கப்பட்ட பாய் சியென்னை விடுத்து இப்பணிப்பெண்ணையே மணப்பேன் என்று நின்றான். அதற்காகப் பதவியிறக்கம் செய்யப்பட்டு வடகடலுக்கு அனுப்பப்பட்டான். அரச வாழ்வை இழந்தும் சொன்ன சொல் மாறாத இவ்விருவரின் கதையைச் சொல்லத் துணிந்திருந்தால் அதுவன்றோ காவியம்! தொடரோ இவர்களை நன்றி மறந்தவர்களாக ஓரத்தில் நிறுத்தி, அவ்வப்போது வெட்கித் தலைகுனியச் செய்து அனுப்பிவிடுகிறது.

ஏனைய குறைகளை விரிக்க வேண்டுவதில்லை. நடுப்பகுதியில் கதை நொண்டுகிறது. பத்துப் பகுதிகளை வெட்டி எறிந்தாலும் ஒன்றும் குறையாது. கணிப்பொறியால் வரைந்த மேகங்களும் விலங்குகளும் சில இடங்களிற் பிள்ளைகளின் படப்புத்தகம் போல் இருக்கின்றன. ‘லியாங் லியாங்’ என்னும் நிறைவுப்பாட்டு மட்டும், பொருள் விளங்காதபோதும் செவியை விட்டு அகல மறுக்கின்றது.

2020-இல் இதன் தொடர்ச்சியாக 56 பகுதிகளில் மற்றொன்று வந்தது. நாயகி பாய் சியென்னின் அண்ணன் மகள். அவளும் சிங்சியூ அரசகுலமே. தான் விரும்பும் தேவனின் மாளிகையில் பணிப்பெண்ணாக இருந்து தரை துடைக்கிறாள். துடைப்பம் பிடிக்கும் கையைக் கண்டு நாமும் சற்றே ஆவலுடன் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதுவும் வேடம்தான்.