பட்டம் யாருக்குத் தேவை?

பட்டம் இல்லாமல் புரோகிராமர் ஆக முடியுமா? ஸோஹோ நிறுவனம் 2005-லேயே இதற்கு விடை சொல்லிவிட்டது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவித்து, வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியை அந்த ஆண்டு தொடங்கியது. ஆகவே, முடியும். அந்த விடையை எல்லோருக்கும் பொதுவாக்குவதில்தான் எனக்குத் தயக்கம்.

ஒரு லட்சம் செல்பேசி எண்கள் உள்ள பட்டியலில் இரண்டு முறை வந்தவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட, லூப்புக்குள் லூப் போட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள். முதலில் வரிசைப்படுத்திவிட்டால் இருபது லட்சத்துக்குள் வேலை முடியும். நூறு எண்களை வைத்துச் சோதித்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. வாடிக்கையாளர் பெருகிய பிறகுதான் சர்வர் திணறும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் கற்றுத்தருவது இதைத்தான். தானாகப் படிப்பவருக்கும் இது எட்டாததல்ல. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது, தேடிப் படி என்று சொல்ல அவருக்கு ஆள் வேண்டும்.

அதே பாடத்தைப் பதினாறு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்து, ஒரு முறைகூட கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்காமல் பட்டம் வாங்குகிறவர்களும் உண்டு. புரிந்து படித்தவரையும் இவரையும் சான்றிதழ் பிரித்துக் காட்டாது. பட்டத்தின் பெரிய குறை இது.

இருந்தும் அதுதான் சல்லடையாக இருக்கிறது. கேம்பஸுக்கு வரும் நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பிலிருந்தே 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்கின்றன. அங்கேயே கழிக்கப்பட்டவர் எழுதிய புரோகிராமை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் எச்-1பி விசாவும் இளங்கலைப் பட்டத்தையோ அதற்கு இணையான தகுதியையோ கேட்கிறது. குறையும் ஒவ்வொரு கல்லூரி ஆண்டுக்கும் மூன்று ஆண்டு அனுபவம் என்பது அங்குள்ள கணக்கு. அதாவது நான்கு ஆண்டுப் படிப்புக்கு ஈடாகப் பன்னிரண்டு ஆண்டு வேலை.

பில் கேட்ஸையும் ஸக்கர்பெர்க்கையும் காட்டி, படிப்பை விடலாம் என்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. அவர்கள் விட்டது ஹார்வர்டை. வசதியான குடும்பமும் பின்னால் இருந்தது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்கு அந்தத் துணை கிடையாது. பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்கும் எச்சிஎல்லின் டெக்பீ திட்டத்தில், வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் படிக்க வழி இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நான் கைகாட்டுவது இப்படிப்பட்ட வழியைத்தான். நிறுவனங்களிடம் கேட்பது வேறு: மார்க் கேட்கும் படிவத்தை நீட்டுவதற்கு முன், எல்லோருக்கும் ஒரு கோடிங் தேர்வு வையுங்கள்.