வகுப்பறை ஒழுங்கும் தண்டனை மொழியும்: 2022ஆம் ஆண்டு வேலூர் – ஆம்பூர் வட்டார நிகழ்வுகளை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வகுப்பறை மேலாண்மை, உடல் தண்டனை, மாற்றுச் சான்றிதழ், தோல் தொழில் வட்டாரம், பள்ளி மேலாண்மைக் குழு

முன்னுரை

2022 ஏப்ரலில் தோல் தொழில் வட்டாரத்தின் இரு அரசுப் பள்ளிகளிலிருந்து வெளிவந்த காணொலிகள் தமிழகம் முழுவதும் பேசப்பட்டன. ஆம்பூரை அடுத்த மாதனூரில், செய்முறைப் பதிவேட்டைக் கேட்ட ஆசிரியரை 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் தாக்க முற்பட்டார். வேலூர்த் தொரப்பாடியில் மாணவர் சிலர் வகுப்பறை மேசைகளை உடைத்தனர். இரண்டிலும் தற்காலிக நீக்கமே உடனடி நடவடிக்கையாயிற்று. மே மாதம் சட்டமன்றத்தில் அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி, ஆசிரியரிடம் தகாத முறையில் நடக்கும் மாணவர் நிரந்தரமாக நீக்கப்படுவர் என்றும், அதன் காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் குறிக்கப்படும் என்றும் அறிவித்தார். இவ்வறிவிப்பும் இதனை ஒட்டி எழுந்த பொதுக்கருத்தும் கொண்ட எடுகோள்கள் ஆய்வுக்குரியன.

பிரம்பும் காலவரிசையும்

பிரம்பைப் பறித்ததால் ஒழுங்கு குலைந்தது என்பதே அன்று மிகுதியாக ஒலித்த கருத்து. காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 17ஆம் பிரிவு மனத் துன்புறுத்தலையும் சேர்த்துத் தடுத்தது. 2022இல் 12ஆம் வகுப்பில் இருந்தோர் ஏறத்தாழ அந்த 2003ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். தடையே காரணமெனில் இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் மாணவரை எவ்வாறு விளக்குவது? தடை ஏட்டளவில்தான் இருந்தது என்பார் உளர். அது உண்மையாயின், பிரம்பு பறிபோகவே இல்லை என்றாகி அவர்தம் வாதமே வலுவிழக்கும்.

இவ்வணிக்கு மட்டும் நேர்ந்தது வேறொன்று. 2020இல் இவர்களின் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. 2021இல் 11ஆம் வகுப்பிலும் தேர்வின்றித் தேர்ச்சி. 2021 செப்டம்பர் 1இல் பள்ளி மீண்டும் திறந்தபின், 2022 மே மாதப் பொதுத்தேர்வே இவர்கள் எதிர்கொண்ட முதல் பொதுத்தேர்வு. பதிவேட்டைக் கேட்ட குரல், பதிவேடு எழுதும் பழக்கமே அறுந்துபோன ஒருவரிடம் சென்று சேர்ந்தது. இது வன்முறைக்கு நியாயம் ஆகாது. வகுப்பறையில் ஆசிரியர் அடைந்த அச்சம் மெய்யானது. அதனைச் சிறிதாக்கும் எந்தக் கோட்பாடும் ஆசிரியரிடம் எடுபடாது. எனினும் காரணம் பிழையாகக் கணிக்கப்பட்டால் தீர்வும் பிழைபடும்.

இரா. நடராசனின் 'ஆயிஷா' இங்கு நினைவுகூரத்தக்கது. அடியின் வலியை உணராதிருக்கத் தன் உடலில் மருந்தேற்றி இறக்கும் மாணவியின் கதையை அதில் சொல்பவர் ஓர் ஆசிரியை. பிரம்பு கோலோச்சிய வகுப்பறையில் நிலவியது ஒழுங்கன்று, ஓசையின்மையே என்பதை அக்குறும்புதினம் உணர்த்துகிறது.

சான்றிதழ் என்னும் தண்டனை

கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை எக்குழந்தையையும் வெளியேற்றக் கூடாதென்கிறது. 17 வயதினர்க்கு அக்காப்பு இல்லை. காரணம் குறிக்கப்பட்ட சான்றிதழோடு வருபவரை வேறெந்தப் பள்ளி ஏற்கும்? பிரம்படி ஒரு நாளில் ஆறும். எழுத்து வேலை தேடும் இடம்வரை தொடரும். தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்கூடங்களும் சூழ்ந்த ஊரில், நீக்கப்பட்டவர் கூலிவேலைக்குச் செல்வதே எளிதாக நிகழக்கூடியது. அவ்வேலையிலிருந்து விலகவே பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர்.

பெற்றோரை அழைத்துப் பேசுதல் என்னும் வழக்கமான முறையும் இங்குத் தடுமாறுகிறது. காலணித் தொழிற்கூடங்களில் பெரும்பான்மையோர் பெண்கள். வேலைநாளில் தாய் பள்ளிக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். வராத தாய் 'பொறுப்பற்றவர்' எனப்படுவார். பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைக்க 2022 மார்ச் 20இல் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடத்தப்பட்டது. அது ஞாயிற்றுக்கிழமை. மாதனூர் நிகழ்வுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே, தொழிலாளர் தாயர் கூலி இழக்காமல் வரக்கூடிய ஓர் அமைப்பும் ஒரு நாளும் அரசின் கையில் இருந்தன. ஆயினும் சட்டமன்ற அறிவிப்பு முன்னிறுத்தியது அக்குழுவை அன்று, சான்றிதழையே.