பாதபீடத்தில் ஒரு பெயர்

பழைய அரசவைக் கலைபற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் உலவுகின்றன. அரண்மனையிற் பிறந்த ஓவியம் உழைக்கும் மக்களுக்கு உதவாது என்பர் ஒரு சாரார். வரலாறு எதுவாயினும் வண்ணமும் கோடும் தரும் இன்பமே போதும் என்பர் மறு சாரார். இவ்விரண்டும் குறைப்பார்வைகளே என்பதற்கு மொகலாயச் சிற்றோவியமொன்றைச் சான்றாகக் கொள்வோம்.

வாஷிங்டன் பிரீயர் கலைக்கூடத்திலுள்ள அவ்வோவியம், 1615ஆம் ஆண்டுக்கும் 1618ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்திற் பிசித்திரர் என்னும் ஓவியர் தீட்டியது. ஒரு சாணைவிடச் சற்றே உயர்ந்த அத்தாளில், பேரரசர் ஜஹாங்கீர் மணற்கடிகாரமொன்றின்மீது வீற்றிருக்கிறார். தலைக்குப் பின்னே ஞாயிறும் பிறைமதியும் இணைந்த ஒளிவட்டம். முதிய சூஃபித் துறவி ஒருவருக்கு அவர் நூலொன்றை அளிக்கிறார். துறவிக்குக் கீழே துருக்கிச் சுல்தான்; அவருக்கும் கீழே இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ்.

மன்னரினும் ஞானியே மேலானவர் என்பதே ஓவியம் வெளிப்படையாகக் கூறும் பொருள். ஆனால், ஞானி தாழ நின்று துணியில் ஏந்திப் பெறுகிறார். ஒளிவட்டமும் அளிக்கும் கையும் அரசருடையவை. துறவைப் போற்றுவதுங்கூட இங்கு அரியணைக்கு அணிகலனாகின்றது. அந்த அரியணையைத் தாங்கிய நிலவரியைச் செலுத்திய உழவனுக்கோ படத்தில் இடமில்லை.

எனினும் இவ்வளவோடு நின்றுவிடுவோமாயின், இடப்புறக் கீழ்மூலையைக் காணத் தவறியவர்களாவோம். மஞ்சள் அங்கி அணிந்த ஒருவர் அங்கே சிறு படமொன்றை ஏந்தி நிற்கிறார். அவர் பிசித்திரரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அவர் கைப்படத்தில் இரு குதிரைகள், ஒரு யானை, குனிந்து வணங்கும் ஒரு மனிதன். அரசர் அளித்த பரிசுகளுக்கு நன்றிபோலும்! தம் பெயரை அவர் அரசரின் பாதபீடத்தில் எழுதியுள்ளார்.

காலடியிற் பெயர் பொறிப்பது பணிவுதான். ஆயினும், மாமன்னர்களை வரிசைப்படுத்திய அதே சபையில் தூரிகை பிடித்தவன் தனக்கும் ஓரிடம் தேடிக்கொண்டான். அவன் வரைந்த கடிகாரத்தில் மணல் பெரும்பாலும் கீழே வடிந்துவிட்டது. நெடிய ஆட்சியை வேண்டி வானகச் சிறுவர் இருவர் அதன்மீது எழுதுகின்றனர்; மணல் அதனைக் கேட்கவில்லை. 1627இல் ஜஹாங்கீர் மறைந்தார்.

கலைஞன் எவரிடம் கூலி பெற்றான் என்று வினவுவது நம் கடமை. கூலி பெற்ற நிலையிலும் அவன் எதனைக் கண்டான், எதனைச் சொல்லத் துணிந்தான் என்று வினவுவதும் அதேயளவு கடமையாகும். இவ்வோவியத்தை மாணவருக்குக் காட்டும் ஆசிரியர், தம் விரலை முதலில் அந்தக் கீழ்மூலையில் வைப்பாராக.